நூலகத்துல ஊர்க்கதை சேத்து கதைப்போர்வை தெக்கறது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

எங்க ஊரு சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவால. ஒரு கிளை நூலகம் இருக்கு, ரெண்டு ரூம், முன்னால ஷீட் போட்ட திண்ணை, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். இப்ப உள்ள நொழஞ்சீங்கன்னா எதுத்த செவுத்துல எட்டடி அகலம் ஆறடி உசரத்துல ஒரு துணி தொங்கும். 48 கட்டம், கட்டத்துக்கு ஒரு கதை. சொன்னது ஊர்க்காரங்க, தெச்சதும் ஊர்க்காரங்க, துணி பூராவும் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட். இதைப் பாத்துட்டு அக்கம்பக்கத்து ஊர்ல இருந்து எப்படி பண்ணுனீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒருக்கா முழுசா எழுதி வெச்சர்றேன். நாங்க பண்ணுன தப்பையும் சேத்துத்தான் சொல்றேன், அது தெரிஞ்சா உங்களுக்கு ரெண்டு மாசம் மிச்சம்.

மொதல் தப்பே பெருசு. கதை சேக்கறது ஒரு வேலை, தெக்கறது வேற வேலைனு பிரிச்சு வெச்சோம். நோட்டீஸ் ஒட்டி, மைக் செட் வாடகைக்கு எடுத்து, "ஊர்க்கதை சொல்ல வாங்க"ன்னு ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டோம். வந்தது பதினோரு பேர். அதுல ஏழு பேர் மைக்கப் புடிச்சதும் மேடைப் பேச்சு பேச ஆரம்பிச்சிட்டாங்க, கோயில் தல வரலாறு ரெண்டு, தலைவர் புகழ் ஒண்ணு, மீதி எல்லாம் அந்தக் காலம் மாதிரி வருமாங்கற புலம்பல். ஒரு ஆத்தா கிட்ட மைக்க நீட்டுனா "எனக்கென்ன சாமி தெரியும், நான் படிக்காதவ"ன்னு சேலை முந்தானையால வாய மூடிக்கிச்சு. அதே ஆத்தா சாயங்காலம் எல்லாரும் போன பொறகு, மூட்டைல இருந்த பனியன் துணிய கலர் கலரா பிரிக்க கை கொடுத்துட்டே நாப்பது நிமிஷம் பேசுச்சு. கல்யாணமாயி வந்த புதுசுல பொடக்காளில கெணத்தடில நின்னு அழுததையும், மாமியா அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம ஒரு வட்டல் நிறைய கச்சாயம் கொண்டாந்து வெச்சுட்டுப் போனதையும். போன் பையில கெடந்துச்சு, யாரும் ரெக்கார்ட் பண்ணல.

அன்னிக்குத்தான் புரிஞ்சுது, கைக்கு வேலை இருந்தா வாய் தானா பேசும். கீழ நான் சொல்ற வரிசை எல்லாம் அதை வெச்சுத்தான்.

எந்த நூலகம், யார் கிட்ட கேக்கறது

உங்க ஊர்ல இருக்கற நூலகம் யாரோடதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எல்லாம் பொது நூலகத் துறைக்கு கீழ வருது, மாவட்ட நூலக ஆணைக்குழு நடத்துது. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல 2006க்குப் பொறகு கட்டுன ஊராட்சி நூலகம்னா அது பஞ்சாயத்து கட்டுப்பாடு, அங்க தலைவரையும் செயலரையும் பாக்கோணும். இது தெரியாம நாங்க ஒரு லெட்டர தப்பான ஆபீசுக்கு கொடுத்துட்டு மூணு வாரம் காத்திருந்தோம்.

துறை நூலகம்னா நூலகர் வழியா மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம். வாசகர் வட்டம் இருந்தா அவங்க பேர்ல கொடுங்க, தனி ஆள் பேர்ல கொடுக்கறத விட அதுக்கு மதிப்பு எச்சு. கடிதத்துல நாலு விஷயம் தெளிவா இருந்தா போதும்: எத்தனை மாசம், எந்தக் கிழமை எத்தனை மணி, செவுத்துல ஆணி அடிக்க மாட்டோம், முடிஞ்சதும் துணி நூலகத்துக்கே சொந்தம். கடைசியா சொன்னதுதான் காரியத்த முடிச்சுது. வெள்ளிக்கிழமை நூலகம் லீவு, அத மறந்து தேதி போட்றாதீங்க.

கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரினு தனியா ஒரு வரி இருக்கும், சொத்து வரில 10 சதவீதம். சுதந்திர இந்தியாவுல மொதல் பொது நூலகச் சட்டம் 1948ல நம்ம மாகாணத்துல வந்ததுதான், அந்தச் சட்டத்துல இருந்து வர்ற காசு இது. புத்தகமே எடுக்காத ஆளும் அதுக்கு காசு கட்டிட்டுத்தான் இருக்காரு, அவரு கதைக்கும் அங்க எடம் இருக்கோணுமில்ல.

நூலகர் மனசு வெச்சாத்தான் எல்லாம் நடக்கும். எங்க நூலகர் அம்மா மொத நாள் "சத்தம் வந்தா படிக்கறவங்க கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க"ன்னு இழுத்தாங்க, நியாயம்தான், போட்டித் தேர்வுக்குப் படிக்கற பசங்க ஏழெட்டு பேர் தினம் வர்றாங்க. அதனால எங்க வேலை பூரா திண்ணைலயே. உள்ள படிப்பு, வெளிய பேச்சு. ரெண்டாவது மாசம் அந்தப் பசங்கள்ல மூணு பேர் எழுத்து வேலைக்கு வந்துட்டாங்க.

கேள்விய சின்னதாக்குங்க

"ஊர்க்கதை சொல்லுங்க"ன்னா யாருக்கும் ஒண்ணும் வராது. பெரிய கதைகளுக்கு ஏற்கனவே ஆள் இருக்கு. அண்ணமார் கதைய (பொன்னர் சங்கர் கதை) 1960கள்லயே ப்ரெண்டா பெக்குன்னு ஒரு ஆய்வாளர் காங்கேயம் பக்கத்துல ஓலப்பாளையத்துல வந்து தங்கி, உடுக்கடிப் பாட்டுக்காரங்க ராத்திரி ராத்திரியா பாடுனத டேப்புல பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. நம்ம வேலை அது இல்லீங்க. ஒரு வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்ச கதை, சொன்னவங்களோட போயிரும்ங்கற மாதிரி கதை, அதுதான் வேணும்.

நாங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தூக்கிப் போட மனசு வராம அட்டாலில வெச்சிருக்கற சாமான் என்னங்க இருக்கு?" (அட்டாலினா பரண்.) அவ்வளவுதான். அப்பறம் பாருங்க. ஓட்டை விழுந்த பித்தளை போசி, தார்க்குச்சி, மாட்டுக் கழுத்து மணி, பழைய ரேஷன் கார்டு, புருஷன் துபாய்ல இருந்து அனுப்புன கேசட்டு, ஒரு பையன் அவன் தாத்தாவோட பொய்ப்பல்லு செட்ட கொண்டாந்துட்டான். சாமான் கைல இருந்தா அதைத் திருப்பித் திருப்பி பாத்துட்டே பேசுவாங்க, நம்ம மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல, கூச்சம் பாதி கொறஞ்சிரும். அதோட அந்தச் சாமானே கட்டத்துல தெக்கற படமாவும் ஆயிருது, என்னத்த வரையறதுன்னு யாரும் மண்டைய ஒடைக்க வேண்டாம்.

ஆளுங்களும் காலமும்

நிலையா ஆறு பேர் இருந்தா போதும். பேச்சு கொடுக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர், எழுத ரெண்டு, தையல் தெரிஞ்சவங்க ரெண்டு. இதுல ஒருத்தராவது பவர் டேபிள்ல (கம்பெனில கரண்டுல ஓடற தையல் மெஷின்) உக்காந்து பழக்கமான டெய்லரா இருக்கட்டும், கடைசில கட்டம் எல்லாத்தையும் சேக்கறப்ப அவரு இல்லாம முடியாது.

மொத்தம் ஆறு மாசம்னு வெச்சுக்கங்க. மஞ்சள் வெட்டற சமயத்துல ஆள் சிக்காது, பொங்கலுக்கு முன்னால பின்னால ஒறம்பரை வந்துட்டுப் போறதுலயே நாள் போயிரும், பரீட்சை மாசத்துல பசங்க வர மாட்டாங்க. முகூர்த்த நாள்ல கூப்புட்டா நீங்க மட்டும் உக்காந்திருப்பீங்க. எங்களுக்கு ஆடி கழிஞ்சு ஆவணில ஆரம்பிச்சது சரியா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மூணு மணில இருந்து பொழுதெறங்கற வரைக்கும். பனியன் கம்பெனிக்குப் போறவங்களுக்கு சனிக்கிழமை சம்பள நாள், அன்னிக்கு வேன் வந்து எறக்கி விடவே ராத்திரி ஆயிரும், அதனால சனி வேண்டாம்.

துணி வாங்கறப்ப எங்களுக்கு விழுந்த அடி

அடித்துணி காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி. வெள்ளகோயில், பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்காரங்க கிட்டயே மீட்டர் கணக்குல கெடைக்கும். கட்டம் தெச்சு முடிஞ்ச பொறகு 12 இஞ்ச், நாலு பக்கமும் அரை இஞ்ச் தையலுக்கு விடோணும், அதனால 13 இஞ்சுக்கு வெட்டோணும். நாங்க 54 இஞ்ச் அகலத் துணி வாங்குனோம், ஒரு வரிசைக்கு நாலு கட்டம், 52 இஞ்ச், ரெண்டு இஞ்ச் மிச்சம்னு பெருமையா கணக்கு போட்டு. நனைச்சு காய வெச்சோம். காடா சுருங்கும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஆனா கணக்குல சேக்கல. அகலம் 51க்கு வந்துருச்சு. ஒரே ஒரு இஞ்சுல வரிசைக்கு மூணு கட்டம்தான் வந்துச்சு, மறுபடி துணி வாங்குனோம், முட்டுவழி (செலவு) ரெட்டிப்பு.

அதனால 63 இஞ்ச் அகலம் வாங்குங்க. 48 கட்டத்துக்கும் பின்பக்க லைனிங்குக்கும் சேத்து 9 மீட்டர் போதும், ஓரத்துல மிஞ்சற பட்டைல மேல பைப்பு சொருகற ஒறையையும் தெச்சுக்கலாம். வெட்டறதுக்கு முன்னால ஒரு ராத்திரி பூரா தண்ணில ஊற வெச்சு, கஞ்சி போக அலசி, வெயில்ல காய வெச்சு, இஸ்திரி போட்டு, அதுக்கப்பறம்தான் கத்திரிய எடுக்கோணும்.

மேல வெச்சு தெக்கற துணிக்கு கட்டிங் வேஸ்ட். தெரிஞ்ச கம்பெனில கேட்டா ஒரு மூட்டை சும்மாவே தருவாங்க. ரெண்டு விஷயம் மட்டும். பனியன் துணி இழுபடும், அப்படியே வெச்சு தெச்சா கோணிக்கும், அதனால பின்னால டெய்லருங்க காலருக்கு ஒட்டற ஃபியூசிங் கேன்வாஸ இஸ்திரில ஒட்டிட்டு அப்பறம் வெட்டுங்க. அதே மாதிரி கருஞ்சிவப்பு, கருநீலம், கருப்பு இந்த மூணையும் தனியா ஈரத் துணில தேச்சுப் பாருங்க, சாயம் எறங்குனா எடுக்காதீங்க, ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தையும் கெடுத்துரும்.

ஊசிக்கு ஏழாம் நம்பர் போதும், வயசானவங்களுக்கு காது பெருசா இருக்கற ஊசி. நூல் ரெட்டை இழை. ஓட்டுத்தையலும் சங்கிலித் தையலும் தெரிஞ்சா எல்லாப் படமும் தெச்சிரலாம், தெரியாதவங்களுக்கு பத்து நிமிஷத்துல கத்துக் கொடுத்தரலாம். கண்ணு தெரியாத பெரியவங்க தெக்க வேண்டாம், எந்தத் துணி எந்த எடத்துக்குன்னு அவங்க சொல்லட்டும், வேற கை தெக்கட்டும். அப்படிச் செஞ்ச கட்டங்கதான் நெம்ப நல்லா வந்துச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

கேக்கறது

ஒரு பாய்ல நாலஞ்சு பேருக்கு மேல வேண்டாம். நடுவுல துணிக் குவியல். கேக்கறவரும் கைல ஊசியோட உக்காரோணும், நோட்டுப் புக்கோட உக்காந்தீங்கன்னா கணக்கெடுக்க வந்த ஆபீசர் மாதிரி ஆயிரும். மொறை வெச்சுக் கூப்புடுங்க, ஆத்தா, அப்பாரு, அப்பிச்சி, அம்முச்சி, நங்கை, மாமா, எங்க ஊர்ல அதுதான் கதவைத் தொறக்கும். மொறை தெரியலைனா "ஏனுங்க"வே போதும்.

போன ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு, மடிச்ச துண்டு மேல, பேசறவங்க வாயில இருந்து ரெண்டு சாண் தூரத்துல வைங்க. ஃபேன் ஓடக் கூடாது. பக்கத்துல விசைத்தறி ஓடுனா எடத்தையே மாத்துங்க, அந்தச் சத்தத்த எந்த ஆப்பும் எடுக்காது. பத்து செகண்ட் பேச விட்டு இயர்போன்ல கேட்டுப் பாத்துட்டு அப்பறம் ஆரம்பிங்க. மொதல்ல நீங்களே தேதி, எடம், கேக்கறவர் பேரு சொல்லிருங்க, பின்னால ஃபைல் பேரு மாறிப் போனாலும் குரலே சொல்லிரும். அன்னிக்கு ராத்திரியே மூணு எடத்துல காப்பி போடுங்க: போன்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணு, ஆன்லைன்ல ஒண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டதுல எங்களுக்கு ரெண்டு கதை போச்சு, எங்க பையன் ஒருத்தன் கேம் ஏத்தறதுக்கு எடம் பத்தலைன்னு அழிச்சுட்டான்.

கேள்வி கொறைவா இருக்கட்டும். "இதை யாரு வாங்குனாங்க", "வீட்டுல எங்க இருக்கும்", "இதை கடைசியா எப்ப தொட்டீங்க" இப்படி கைக்கு எட்டற கேள்வி. "உங்க உணர்வு எப்படி இருந்துச்சு"ன்னு டீவிக்காரங்க மாதிரி கேக்காதீங்க, "நல்லா இருந்துச்சுங்க"ங்கற பதிலோட கதை முடிஞ்சிரும். அவங்க நிறுத்துனா நீங்களும் நிறுத்துங்க, ரெண்டு தையல் போடுங்க. அந்த ரெண்டு தையல் நேரத்துலதான் அடுத்தது வரும்.

வருஷம் கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது. வேற ஆணி அடிச்சு அதுல மாட்டோணும். "கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி வந்ததுக்கு முன்னாலயா பின்னாலயா" (பவானிசாகர் அணை 1955ல முடிஞ்சுது), "நயா பைசா வந்தப்பவா" (1957), "அண்ணா செத்தப்ப பொறந்தாச்சா" (1969), "பெரியார் மாவட்டம்னு பிரிச்சப்ப" (1979), "எம்ஜிஆர் செத்த அன்னிக்கு எங்க இருந்தீங்க" (1987 டிசம்பர்). இதை ஒரு அட்டைல எழுதி கைல வெச்சுக்கங்க. ஐம்பது வயசுக்காரங்களுக்கு எங்க பக்கம் இன்னொரு ஆணி இருக்கு, நொய்யல். ஆத்துல குளிச்சது, அப்பறம் ஒரத்துப்பாளையம் அணைல சாயத்தண்ணி தேங்குனது, 2011 ஜனவரில சாயப்பட்டறைகள மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்தது, வேலை போனது. ஒரே ஆத்தப் பத்தி தோட்டக்காரரு ஒரு கதை சொன்னாரு, சாயப்பட்டறைல வேலை பாத்தவரு வேற கதை சொன்னாரு, ரெண்டு பேரும் ஒரே பாய்ல உக்காந்து. சண்டை வரும்னு நெனச்சேன், வரல, ரெண்டு பேரும் டீ குடிச்சாங்க, ஆனா ரெண்டு பேரும் அவங்கவங்க சொன்னதுல இருந்து எறங்கவும் இல்ல. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டமா தெச்சிருக்கோம், ஆறு மட்டும் ஒரே நீலத் துணி, ரெண்டு கட்டத்துலயும் தொடர்ந்து ஓடும்.

யாரு வரலைன்னு எண்ணுங்க

இதை தனி வேலையாவே வெச்சுக்கங்க. ஒரு மாசம் கழிச்சு லிஸ்ட எடுத்துப் பாத்தா எங்க கிட்ட இருந்த இருவது கதைல பதினெட்டு மூணே தெருவுல இருந்து வந்தது. நூலகம் எல்லாருக்கும் பொதுதான், ஆனா திண்ணைல யாரு சாவகாசமா உக்கார முடியும்ங்கறது ஊருக்கு ஊரு எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். கூப்புட்டா வருவாங்கன்னு காத்திருந்தா வர மாட்டாங்க, பாயையும் துணி மூட்டையையும் தூக்கிட்டு நாமதான் போகோணும். அருந்ததியர் காலனில வேப்பமரத்தடில ரெண்டு ஞாயிறு, தறிக்காரங்க தெருவுல ரெண்டு, வடக்க இருந்து வந்த புள்ளைங்க தங்கற ஹாஸ்டல்ல ஒண்ணு.

அதுல நடந்த ஒண்ண மட்டும் சொல்லோணும். ஒரு அப்பாரு முன்னாலயே நூலகத்துக்கு கவலை (எருது பூட்டி கெணத்துத் தண்ணி எறைக்கறது) இறைச்ச வடக்கயிறுல ஒரு மொழம் கொண்டாந்திருந்தாரு. அந்தக் கதை எங்க எல்லாருக்கும் புடிச்சுப் போயி, மொதல் கட்டமே அதுதான்னு வெச்சிருந்தோம். அதைக் காலனில காட்டிட்டு இருக்கறப்ப ஒரு அக்கா கட்டத்தக் கைல வாங்கிப் பாத்துட்டு "கயிறு இருக்குது, தும்பி எங்க?"ன்னு கேட்டாங்க. தும்பினா சாலுக்கு (தண்ணி மொள்ற பெரிய பாத்திரம்) அடில மாட்டற தோல் குழாய், அது வழியாத்தான் தண்ணி வாய்க்கால்ல விழுகும். "அது தெச்சது எங்கய்யன். இந்த ஊர்ல எத்தன கெணறு இருந்துச்சோ அத்தனைக்கும் தும்பி தெச்சவரு. மோட்டாரு வந்துச்சு, கரண்டு வந்துச்சுன்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க, எங்களுக்கு வேலை போச்சு." அவங்க கட்டத்த அவங்களே தெச்சாங்க. ஒரே நூல்ல ரெண்டு முனைலயும் ஊசி கோத்து, ஒரே ஓட்டைல ரெண்டு பக்கத்துல இருந்தும் ஊசிய விட்டு இழுக்கற தோல் தையல், அவங்கய்யன் கிட்ட பாத்தது. நாப்பது வருசம் அனுபவம் இருக்கற எங்க டெய்லரண்ணன் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து அதைக் கத்துக்கிட்டாரு. பிரிஞ்சு வராத தையல் அது. போர்வையோட வெளி ஓரம் நாலு பக்கமும் இப்ப அந்தத் தையல்தான்.

ஹாஸ்டல்ல ஒடிசா புள்ள ஒண்ணு அவங்கம்மா கொடுத்து விட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவக் காட்டுச்சு. அது பேசுனத அது மொழிலயே ரெக்கார்ட் பண்ணுனோம், கூட இருந்த புள்ள தமிழ்ல சொல்லுச்சு, ரெண்டையும் வெச்சிருக்கோம். வீட்டுல தெலுங்கு கன்னடம் பேசறவங்களுக்கும் அதே மாதிரிதான், எந்த மொழில கதை வருதோ அதுல விட்ருங்க.

சம்மதம்

இதுல அவசரப்படாதீங்க. பெரிய ஃபார்ம் கொடுத்து கையெழுத்து கேட்டா சொத்தை எழுதி வாங்கறாங்கன்னு பயந்துக்குவாங்க, பயப்படறதுக்கு காரணமும் இருக்கு. ஒரு சின்னத் தாள், பெரிய எழுத்து, நாலு கேள்வி: குரல வெச்சுக்கலாமா, எழுதி வெக்கலாமா, பேரு போடலாமா, போட்டோ வெக்கலாமா. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஆமா, இல்ல. படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டி, அவங்க சொல்ற பதிலையும் ரெக்கார்ட் பண்ணிக்கங்க. சின்னப் பசங்கன்னா அப்பா அம்மா கிட்டயும் கேக்கோணும். "வேண்டாம்னு தோணுச்சுன்னா எப்ப வேணாலும் சொல்லுங்க, எடுத்தர்றோம்"னு வாயால சொல்லுங்க, அதை மெய்யாலுமே செய்யுங்க.

எங்களுக்கு ஒரு தடவை வந்துச்சு. ஒரு பெரியவரு சொன்ன கதைல அவங்க பாகப்பிரிவினை சமாச்சாரம் லேசா வந்துருச்சு, அவரு சம்மதம் சொன்னாரு, மகன் வந்து திண்ணைல நின்னு கத்துனாரு. கட்டத்தப் பிரிச்சுட்டோம். பிரிக்கறப்ப வெசனமாத்தான் இருந்துச்சு. அதுக்கப்பறம் ஒரு விதி போட்டோம்: நெலம், கடன், கல்யாணம் முறிஞ்சது, இன்னொருத்தர் பேரு, இது நாலும் வந்தா ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஒருக்கா போயி கேட்டுட்டுத்தான் தெக்கறது.

எழுதறப்ப கையக் கட்டிக்கங்க

ஒரு மணி நேரப் பேச்ச கேட்டு எழுத எங்களுக்கு அஞ்சாறு மணி நேரம் ஆச்சு. குரல் வெச்சு டைப் பண்ற வசதி இருக்குதேன்னு போட்டுப் பாத்தோம், "நெம்ப"ன்னா "நிரம்ப"ங்குது, "போகோணும்"னா என்னென்னவோ எழுதுது, அதைத் திருத்தறதுக்கு நாமளே எழுதிரலாம்.

அதை விடப் பெரிய தொல்லை, எழுதற பசங்க அவங்களையே அறியாம திருத்தறது. வடக்கயிறு அப்பாரு சொன்னது இது (வாரினா எருதுக எறங்கி ஏறற சரிவு):

"சாலு நெறஞ்சதும் வடத்து மேல ஏறி உக்காந்துக்குவனுங். வாரில எறங்கறப்ப ஒரு சொகமுங். மறுக்கா எருதுக பின்னாங்காலாவே ஏறோணும், அதுகளுக்குத்தான் பாவம். எத்தன நடைன்னு கணக்கெல்லாம் வெச்சதில்லீங், பொழுது எங்க இருக்குதுன்னு மட்டும் பாத்துக்குவம்."

எங்க காலேஜ் பையன் எழுதிட்டு வந்தது: "அக்காலத்தில் உழவர்கள் கவலை இறைத்து மகிழ்ச்சியுடன் வேளாண்மை செய்து வந்தனர்." படிச்சுக் காட்டுனதும் அப்பாரு "நல்லா இருக்குதுங், யாரு சொன்னது?"ன்னு கேட்டாரு. திண்ணையே சிரிச்சுது, பையனும் சிரிச்சுட்டான், அதுக்கப்பறம் அவன் எழுதுனதுல ஒரு "ங்" கூட வுட்டுப் போனதில்ல.

முழுசா எழுதுனத ஃபைல்ல வெச்சுக்கங்க. பக்கத்துல மாட்டற புத்தகத்துக்கு ஒரு கதை நூத்தம்பது வார்த்தைக்குள்ள. வெட்டலாம், சேக்கக் கூடாது, வார்த்தைய மாத்தக் கூடாது. வெட்டுனத சொன்னவங்க கிட்டயே வாசிச்சுக் காட்டுங்க, "இது நான் சொன்னதுதான்"னு அவங்க வாயில வந்தாத்தான் கட்டம் முடிஞ்ச கணக்கு.

சேக்கறது, மாட்டறது

கட்டம் எல்லாத்தையும் தரைல பரப்பி வெச்சு எது பக்கத்துல எதுன்னு முடிவு பண்ண ஒரு நாள் முழுசா வேணும். எட்டு அகலத்துல, ஆறு கீழ. வரிசை வரிசையா சேத்துட்டு அப்பறம் வரிசைகள ஒண்ணோட ஒண்ணு சேக்கோணும், தையல் மடிப்ப ஒரு வரிசைக்கு இடப்பக்கமும் அடுத்த வரிசைக்கு வலப்பக்கமும் இஸ்திரி போட்டா மூலைக கச்சிதமா உக்காரும், கட்டி தட்டாது. லைனிங் கொடுத்து, மேல நாலு இஞ்ச் அகலத்துல ஒறை தெச்சு, அலுமினியப் பைப்ப சொருகி, செவுத்துல ஏற்கனவே இருக்கற கம்பில கயிறு கட்டித் தொங்க விட்டோம். மேக்கு வெயில் நேரா அடிக்கற செவுரு வேண்டாம், ஒரே கோடைல வெளுத்துரும். ரெண்டு பூச்சி உருண்டைய துணில முடிஞ்சு லைனிங்குக்குள்ள போட்டிருக்கோம். துவைக்க வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா எறக்கி நெழல்ல உதறி ஆத்துனா போதும்.

ஒவ்வொரு கட்டத்துலயும் நூல்ல எண் தெச்சிருங்க. அதே எண் புத்தகத்துல, அதே எண் ஆடியோ ஃபைல்ல. கியூஆர் கோடு போடறதா இருந்தா ஜாக்கிரதை. நாங்க இலவசம்னு போட்டிருந்த ஒரு சைட்ல 48 கோடு எடுத்து லேமினேட் பண்ணி ஒட்டுனோம், ரெண்டு வாரத்துல ஸ்கேன் பண்ணுனா பணம் கட்டச் சொல்லுது. கோடு அவங்க லிங்க் வழியா சுத்திப் போற மாதிரி இருந்திருக்கு. நேரா நம்ம ஃபைலுக்கே போற கோடா எடுங்க, ஸ்கேன் பண்ணுனா நம்ம ஃபைல் இருக்கற முகவரி அப்படியே தெரியோணும். ஆடியோவ இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஏத்தலாம், அது லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தறது, காசில்ல. நெட்ல போட சம்மதிக்காதவங்க குரல் நூலகத்து பென்டிரைவ்ல மட்டும்.

ஒப்படைக்கறப்ப வெறும் கைகுலுக்கல் போதாது. துணி ஒண்ணு, கதைப் புத்தகம் ஒண்ணு, பென்டிரைவ் ஒண்ணுன்னு எழுதி நூலகத்து இருப்புப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க. நூலகர் ட்ரான்ஸ்ஃபர்ல போயிருவாங்க, புதுசா வர்றவங்களுக்கு இது என்னன்னு தெரியாது, ரெஜிஸ்டர்ல இருந்தாத்தான் பத்திரமா இருக்கும். சம்மதத் தாளுகள வாசகர் வட்டத்து ஆள் ஒருத்தர் வீட்டுல வெச்சுக்கறது நல்லது, அதுல பேரு, வீடு எல்லாம் இருக்குமில்ல.

தெறப்பு விழா உங்க இஷ்டம். நாங்க மேடை போடல, பொன்னாடை இல்ல. கதை சொன்னவங்கள சேர் போட்டு முன்னால உக்கார வெச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஆளுக்கு ஒரு கதைய அதே பேச்சுல வாசிச்சாங்க. அரிசிம்பருப்பு சாதம், சுண்டல், டீ. நூலகத்துக்குள்ள அதுவரைக்கும் ஒருக்கா கூட கால் வெக்காதவங்க அன்னிக்கு பதினாலு பேர் உறுப்பினராச் சேந்தாங்க, எங்க நூலகர் அம்மாவுக்கு அதுதான் பெரிய சந்தோசம்.

ஒண்ணு விட்டுப்போச்சு. 48 கட்டத்துல நாப்பத்தஞ்சுதான் தெச்சிருக்கு. கடைசி வரிசைல மூணு வெறும் காடாவா விட்டிருக்கோம், பின்னால லைனிங்க அந்த எடத்துல மட்டும் தைக்காம பட்டன் வெச்சிருக்கு, யாராவது கதையோட வந்தா தெறந்து தெக்கலாம். பாகப்பிரிவினைக் கட்டம் இருந்த எடம் அதுல ஒண்ணு. போன மாசம் அந்த மகன் வந்திருந்தாரு, பையில அவங்கய்யனோட மூக்குக் கண்ணாடி இருந்துச்சு, உக்காரல, ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு இருப்பீங்கன்னு கேட்டுட்டுப் போனாரு.